நமக்கெதுக்கு வம்பு? டீட்ரிக் போன்ஹோஃபர் கேட்ட கேள்வி

(ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரம் ஆறு நாள் வேலை செய்துவிட்டு, கிடைக்கிற ஒரு நாள் ஓய்விலும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். இன்று ஒரு மனிதரைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் தமிழர் இல்லை. நம் நாட்டுக்காரரும் இல்லை. ஜெர்மனியில் பிறந்த ஒரு புரொடெஸ்டண்ட் பாதிரியார், பெரிய கல்விமான். பெயர் டீட்ரிக் போன்ஹோஃபர்.

"நாங்கள் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள், எங்களுக்கு எதற்குப் பாதிரியார் கதை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உங்களை மதம் மாற்ற நான் இங்கே நிற்கவில்லை. அதிகாரம் என்றால் என்ன, சுதந்திரம் என்றால் என்ன, பக்கத்து வீட்டுக்காரனுக்கு அநியாயம் நடக்கும்போது நாம் என்ன செய்ய வேண்டும் என்று இந்த மனிதர் யோசித்தார், எழுதினார். எழுதியதோடு நிற்காமல் அதன்படி வாழ்ந்து உயிரையும் கொடுத்தார். அதனால்தான் சொல்ல வந்தேன்.

முதலில் என் கதை ஒன்று. பல வருடங்களுக்கு முன் நான் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். என் லைனில் பங்களாதேஷிலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். மூன்று மாதம் அவனுக்குச் சம்பளம் முழுதாகக் கொடுக்கவில்லை. கேட்டதற்கு பாஸ்போர்ட்டைத் தரமாட்டேன் என்று மிரட்டினார்கள். எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மதிய சாப்பாட்டு நேரத்தில் அவன் என்னைப் பார்த்தான். நான் என் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பார்த்தேன். "நமக்கெதுக்கு வம்பு, பிள்ளைகுட்டிக்காரன்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் அவன் வேலைக்கு வரவில்லை. எங்கே போனான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

பாதியில் நின்ற வானொலிப் பேச்சு

போன்ஹோஃபர் 1906 பிப்ரவரி 4ஆம் தேதி பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. எட்டுப் பிள்ளைகள் உள்ள வீடு. அப்பா பெர்லினில் பெயர் பெற்ற மனநல மருத்துவர், பேராசிரியர். நம்மைப் போல் கூலி வீட்டுப் பிள்ளை இல்லை. 21 வயதிலேயே டாக்டர் பட்டம். நினைத்திருந்தால் புத்தகத்தோடும் பியானோவோடும் சுகமாக இருந்திருக்கலாம்.

1930இல் மேல்படிப்புக்காக நியூயார்க் போனார். அங்கே ஒரு கறுப்பின மாணவர் அவருக்கு நண்பரானார். அவரோடு ஹார்லெம் பகுதியில் உள்ள கறுப்பின மக்களின் தேவாலயத்துக்குப் போய், அங்குள்ள பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுத்தார். தோலின் நிறத்துக்காக மனிதனை ஒதுக்குவது எப்படி இருக்கும் என்பதை ஒதுக்கப்பட்டவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அந்தப் பாடம் அவரை விடவில்லை.

ஜெர்மனிக்குத் திரும்பினார். அப்போது அந்த நாட்டில் சுமார் 60 இலட்சம் பேர் வேலையில்லாமல் இருந்தார்கள். வயிறு காய்ந்தவனுக்கு யார் சோறு தருகிறேன் என்றாலும் அவன்தான் தெய்வம். 1933 ஜனவரி 30ஆம் தேதி ஹிட்லர் பிரதமர் பதவியில் அமர்ந்தார். இரண்டே நாள் கழித்து, பிப்ரவரி 1ஆம் தேதி, 27 வயதுகூட நிறையாத போன்ஹோஃபர் பெர்லின் வானொலியில் தலைவன் என்பவன் யார் என்பதைப் பற்றிப் பேசினார்.

அவர் சொன்ன கருத்தை நம் பாஷையில் சொல்கிறேன். தோட்டத்தில் மண்டோர் சொல்வதை ஏன் கேட்கிறோம்? அவர் அந்தப் பொறுப்பில் இருக்கிறார். அந்தப் பொறுப்புக்கு எல்லை உண்டு. அவருக்கு மேலே ஆள் உண்டு, விதி உண்டு. நாளைக்கு வேறொருவர் வந்தால் அவரையும் கேட்போம். இது பொறுப்பினால் வரும் அதிகாரம். இன்னொரு வகை இருக்கிறது. "பொறுப்பும் விதியும் எதற்கு, நானே போதும், என்னை நம்பு, என் பின்னால் வா" என்று ஒருவன் சொல்வது. இது ஆளை வைத்து வரும் அதிகாரம். இதற்கு எல்லை இல்லை. மக்கள் அவனைச் சாமியாக்கப் பார்ப்பார்கள். நல்ல தலைவன் அதற்கு இடம் கொடுக்கமாட்டான். "நான் உன்னைப் போல் மனிதன், உன் பொறுப்பை நீ சும" என்று திருப்பி அனுப்புவான். இடம் கொடுத்துவிட்டால் அவன் வழிகாட்டி இல்லை, வழிகெடுப்பவன். இதுதான் பேச்சின் சாரம்.

அந்த எச்சரிக்கை பேச்சின் முடிவில் இருந்தது. ஆனால் முடிவதற்குள் ஒலிபரப்பு நின்றுவிட்டது. கேட்டவர்கள் தன்னைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்று, முழுப் பேச்சையும் பிரதி எடுத்து நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அனுப்பினார்.

சக்கரத்தை நிறுத்துவது

1933 ஏப்ரல் 1ஆம் தேதி நாடு முழுதும் யூதர்களின் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். வாசலில் கட்சிச் சீருடை ஆட்கள் நின்றார்கள். போன்ஹோஃபரின் பாட்டி, 90 வயது ஆனவர், அந்த ஆட்களைத் தாண்டி உள்ளே போய் வேண்டியதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். கூட்டம் போடவில்லை, கோஷம் போடவில்லை. எப்போதும் போகும் கடைக்குப் போனார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 7ஆம் தேதி சட்டம் வந்தது. யூதர்கள் அரசாங்க வேலையில் இருக்கக் கூடாது. தாத்தா பாட்டிகளில் ஒருவர் யூதராக இருந்தாலே போதும், அவனும் யூதன் என்று கணக்கு. இதையும் கவனியுங்கள்: இது தெருவில் நடந்த ரவுடித்தனம் இல்லை. கையெழுத்து போட்டு, முத்திரை குத்தி வந்த சட்டம்.

அந்த மாதமே போன்ஹோஃபர் ஒரு கட்டுரை எழுதினார். இப்படிப்பட்ட நேரத்தில் திருச்சபை அரசாங்கத்திடம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, மூன்று கடமைகளைச் சொன்னார்.

ஒன்று, கேள்வி கேட்பது. "நீ செய்வது அரசாங்கம் செய்யும் வேலைதானா?" என்று கேட்க வேண்டும். அரசாங்கம் இரண்டு விதமாகத் தவறும் என்றார். நாட்டில் ஒரு கூட்டத்தின் உரிமையைப் பறித்து அவர்களைச் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளினால், அது சட்டம் போதாத அரசாங்கம். மனிதனின் வழிபாட்டிலும் மனசாட்சியிலும் புகுந்து உத்தரவு போட்டால், அது சட்டம் மிஞ்சிய அரசாங்கம். இரண்டும் தவறு.

இரண்டு, அடிபட்டவனுக்கு உதவுவது. அவன் நம் சபையைச் சேர்ந்தவனா, நம் மதமா என்று பார்க்கக் கூடாது.

மூன்று, சக்கரம் ஏறி நசுங்கியவர்களுக்குக் கட்டுப் போடுவது மட்டும் போதாது என்று ஒரு நிலை வரும். அப்போது ஓடுகிற அந்தச் சக்கரத்தையே தடுத்து நிறுத்த வேண்டும்.

நாம் பெரும்பாலும் இரண்டாவதோடு நின்றுவிடுகிறோம். அரிசி மூட்டை கொடுக்கிறோம், பள்ளிப் பை கொடுக்கிறோம். நல்ல காரியம்தான், விடக் கூடாது. ஆனால் வருடா வருடம் அதே வீட்டுக்கு அரிசி மூட்டை போகிறதென்றால், ஏன் என்று ஒருவராவது கேட்க வேண்டாமா?

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுரையிலேயே யூதர்களைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் காலங்காலமாக வைத்திருந்த பழைய தவறான எண்ணங்களும் இருக்கின்றன. எல்லாருடைய அழுக்கும் அவர் மேலும் ஒட்டியிருந்தது. பிறக்கும்போதே யாரும் பெரிய மனிதராகப் பிறப்பதில்லை.

அவர் நடத்தாத இறுதிச் சடங்கு

இன்னொன்று சொல்கிறேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

போன்ஹோஃபருடன் இரட்டையாகப் பிறந்த தங்கை சபீனா. அவருடைய கணவர் கெர்ஹார்ட் லைப்ஹோல்ஸ், சட்டப் பேராசிரியர், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அதே 1933 ஏப்ரலில் அவருடைய அப்பா இறந்துபோனார். இறுதிச் சடங்கை நடத்தித் தரும்படி மாப்பிள்ளை வீட்டார் போன்ஹோஃபரைக் கேட்டார்கள். இறந்தவர் ஞானஸ்நானம் பெறாத யூதர். போன்ஹோஃபர் தன் மேலதிகாரியிடம் ஆலோசனை கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவரும் நடத்தித் தரவில்லை.

சக்கரத்தை நிறுத்த வேண்டும் என்று எழுதிய அதே மாதத்தில், சம்பந்தி வீட்டு இறுதிச் சடங்கை அவர் நடத்தித் தரவில்லை. நம் வழக்கத்தில் கல்யாணத்துக்குக் கை கொடுக்காவிட்டாலும் சாவுக்குக் கை கொடுக்காமல் இருப்போமா? பகையாளி வீட்டுச் சாவுக்குக்கூடப் போய் நிற்கிறவர்கள் நாம்.

அந்த வருடம் நவம்பரில் அவர் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் கடிதம் எழுதினார். அப்படி எப்படிப் பயந்தேன் என்று எனக்கே புரியவில்லை, மன்னித்துவிடுங்கள் என்ற பொருளில் எழுதினார். மேலதிகாரி சொன்னார் என்று சாக்குச் சொல்லவில்லை.

சுதந்திரத்தைப் பற்றி அவர் பின்னால் எழுதியதெல்லாம் இந்த இடத்தில்தான் எனக்குப் புரிகிறது. "மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்வது" என்று சொல்பவன் சுதந்திரமான மனிதன் இல்லை என்றார். "என் இஷ்டம், நான் நினைத்ததைச் செய்வேன்" என்பதும் சுதந்திரம் இல்லை என்றார். சுதந்திரம் ஒருவன் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளும் நகை இல்லை. இன்னொருவனுக்காக நான் முன்வந்து நிற்கும்போதுதான் நான் சுதந்திரமானவன். அதற்கான விலையையும் நானே கொடுக்க வேண்டும். இதுதான் அவர் சொன்ன பொறுப்பு.

திரும்பி வந்த கப்பல்

1933 செப்டம்பரில் பிரஷ்யப் பகுதியின் திருச்சபையே யூத வம்சத்தவர் பாதிரியாராக இருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. எதிர்த்தவர்கள் தனியாகக் கூடி, 1934 மே மாதம் பார்மன் நகரில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கார்ல் பார்ட் என்ற அறிஞர் அதைப் பெரும்பாலும் எழுதினார். திருச்சபைக்கு ஹிட்லர் எசமான் இல்லை என்பது அதன் பொருள். துணிச்சலான அறிக்கை. ஆனால் அதிலும் யூதர்கள் படும் துன்பத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. தன் வீட்டைக் காப்பாற்றப் பேசினார்கள், பக்கத்து வீட்டுக்காகப் பேசவில்லை. அந்தக் குறை போன்ஹோஃபரை உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்தியாவோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. அடக்குமுறையை ஆயுதம் இல்லாமல் எதிர்ப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள 1934இல் காந்தியடிகளுக்குக் கடிதம் எழுதினார். வந்து தங்கலாம் என்று காந்தி பதில் எழுதினார். ஆனால் எதிர்ப்புத் திருச்சபைக்கு இளம் பாதிரியார்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு வந்தது. அதை ஏற்றுக்கொண்டதால் இந்தியப் பயணம் நின்றது. 1937இல் கெஸ்டாப்போ இரகசியப் போலீஸ் அந்தப் பயிற்சிப் பள்ளியையும் மூடியது. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் அனுமதி அதற்கு முன்பே போய்விட்டது. பிறகு மேடையில் பேசத் தடை, அதன் பிறகு எழுதி வெளியிடவும் தடை.

நாட்டில் யூதர்களின் நிலையும் படிப்படியாக மோசமானது. 1933இல் வேலை போனது. 1935இல் நூரம்பெர்க் சட்டங்களால் குடியுரிமை போனது. 1938 நவம்பரில் அவர்களுடைய வழிபாட்டு இடங்கள் கொளுத்தப்பட்டன. 1941இல் ரயிலேற்றி அனுப்பத் தொடங்கினார்கள். ஒவ்வொரு படியிலும் பெரும்பாலானவர்கள் "இதோடு நின்றுவிடும்" என்று நினைத்தார்கள்.

1939 ஜூனில் நண்பர்கள் அவரை அமெரிக்காவுக்கு வரவழைத்தார்கள். உயிர் தப்ப நல்ல வழி. ஒரு மாதம்கூட அவர் தங்கவில்லை. என் மக்களின் கஷ்ட காலத்தில் நான் கூட இல்லாவிட்டால், நாளை நாட்டைச் சீர்படுத்தும் நேரத்தில் பேச எனக்கு உரிமை இருக்காது என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினார்.

வந்தபின், இராணுவ உளவுத்துறைக்குள் இருந்துகொண்டே ஹிட்லரை வீழ்த்தத் திட்டமிட்ட கூட்டத்தில் சேர்ந்தார். அவருடைய இன்னொரு மைத்துனர் ஹன்ஸ் ஃபான் டோனானி அதில் முக்கியமானவர். 1942இல் 14 பேரை, பெரும்பாலும் யூத வம்சத்தவர்களை, உளவாளிகள் என்ற போர்வையில் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப வைத்தார்கள். அதற்காக வெளிநாட்டுக்குப் போன பணத்தைப் பற்றிய விசாரணையும் சேர்ந்து, 1943 ஏப்ரல் 5ஆம் தேதி போன்ஹோஃபர் கைதானார்.

தம்பிமார்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காந்தியைத் தேடிய மனிதர் ஒரு சதியில் சேர்ந்தார். ஆனால் அதை அவர் வீரம் என்று பேசவில்லை. செய்தாலும் பாவம், செய்யாவிட்டாலும் பாவம் என்ற நிலையில், அந்தப் பாவத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறேன் என்றுதான் சொன்னார். எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் இதுதான் வழி என்று அவர் விதி எழுதவில்லை. பிடிக்காத தலைவரையெல்லாம் ஹிட்லர் என்று திட்டுவதும் ஹிட்லரால் செத்தவர்களை அவமதிப்பதாகும்.

கூட்டத்தின் மயக்கம்

கைதாவதற்குச் சில மாதம் முன்பு, 1942 ஆண்டு முடிவில், நண்பர்களுக்காக ஒரு கட்டுரை எழுதினார். அதன் ஒரு பிரதியைப் பெற்றோர் வீட்டுக் கூரை உத்தரத்தில் ஒளித்து வைத்தார்கள். படித்தவர்கள் உட்பட ஒரு நாடே எப்படி ஏமாந்தது என்று அதில் யோசிக்கிறார்.

கெட்டவனைவிட முட்டாள்தனம் ஆபத்தானது என்கிறார். முட்டாள்தனம் என்று அவர் சொல்வது படிப்பில்லாமையை அல்ல. எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிகள் பலருக்கு மனிதரை எடைபோடத் தெரியும். பட்டம் வாங்கியவன் ஏமாறுவான். அதிகாரம் பெருத்து எழும்போது மக்கள் தாங்களாகவே யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பேசினால் அவன் பேசுவதில்லை, அவன் வாயில் கட்சியின் கோஷம் பேசுகிறது. அவனிடம் வாதம் செய்து பயனில்லை. அந்தப் பிடியிலிருந்து அவன் முதலில் விடுபட வேண்டும் என்கிறார்.

ஜெர்மானியர்களுக்குக் கீழ்ப்படியத் தெரியும், உழைக்கத் தெரியும், தியாகம் செய்யத் தெரியும், ஆனால் தன் பொறுப்பில் "மாட்டேன்" என்று சொல்லும் துணிவு வளரவில்லை என்றும் வருந்துகிறார். வரலாற்றைக் கீழே இருந்து, ஒதுக்கப்பட்டவன் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொண்டதுதான் இந்த வருடங்களில் கிடைத்த பெரிய பாடம் என்கிறார். பெரிய வீட்டுப் பிள்ளை அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நாம் பிறந்ததே கீழேதான். ஆனால் கீழே பிறந்தவன் தனக்கும் கீழே இருப்பவனைப் பார்ப்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. என் லைனில் நின்ற அந்தப் பங்களாதேஷ் பையனைக் கேட்டால் சொல்வான்.

1944 ஜூலை 20ஆம் தேதி ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி தோற்றது. 1945 ஏப்ரல் 9ஆம் தேதி ஃப்ளோசன்பூர்க் முகாமில் போன்ஹோஃபரைத் தூக்கிலிட்டார்கள். வயது 39. அந்த மாதத்தில் அந்த வீட்டில் இரண்டு மகன்கள், இரண்டு மருமகன்கள் என நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். வயதான அப்பா அம்மாவுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. ஜூலை மாதம் லண்டனில் நடந்த நினைவு ஆராதனையை பிபிசி வானொலி ஒலிபரப்பியபோதுதான் மகன் இறந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அதோடு முடியவில்லை. அவருக்கு மரண தண்டனை கொடுத்த விசாரணைக்குத் தலைமை தாங்கிய நீதிபதி 1956இல் மேற்கு ஜெர்மனியின் உயர்ந்த நீதிமன்றத்தில் விடுதலையானார். அன்றைய சட்டப்படிதான் செய்தார் என்று தீர்ப்பு. 1998இல்தான் நாஜிகளின் அநியாயத் தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் சட்டத்தை ஜெர்மன் நாடாளுமன்றம் கொண்டுவந்தது. அநியாயம் செய்ய ஒரு மணி நேரம் போதும். அநியாயம் என்று ஏட்டில் எழுத 53 வருடம் ஆனது.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. யாருடைய அப்பாவின் இறுதிச் சடங்கை போன்ஹோஃபர் நடத்தவில்லையோ, அந்த லைப்ஹோல்ஸ் குடும்பத்தை 1938இல் அவரே கூட இருந்து வழியனுப்ப உதவினார். அவர்கள் இங்கிலாந்தில் பிழைத்துக்கொண்டார்கள். போருக்குப் பிறகு லைப்ஹோல்ஸ் திரும்பி வந்தார். 1951 முதல் 1971 வரை மேற்கு ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். பிறப்பு, இனம், மொழி, மதம் எதை வைத்தும் ஒருவரைத் தாழ்த்தக் கூடாது என்று சொல்லும் சட்டத்தை, யூத வம்சத்தவர் என்று விரட்டப்பட்ட அதே மனிதர் காவல் காத்தார்.

அன்பர்களே, இன்று வீட்டுக்குப் போய் பிள்ளைகளோடு சாப்பிட உட்காரும்போது மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். நாம் பின்பற்றும் தலைவர், அது கட்சியோ கோவில் கமிட்டியோ நம் இயக்கமோ எதுவாக இருந்தாலும், நம்மிடம் பொறுப்பைக் கொடுக்கிறாரா, பிடுங்கிக்கொள்கிறாரா? நமக்கு உரிமை கேட்கும் நாம், நம்மைவிட எளியவனுக்கு அதே உரிமையைக் கொடுக்கிறோமா? கடைசியாக எப்போது "நமக்கெதுக்கு வம்பு" என்று தலையைக் குனிந்தோம்?

மூன்றாவது கேள்விக்கு என் பதிலை நான் ஏற்கனவே சொல்லிவிட்டேன். அந்தப் பையனை என்னால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் போன்ஹோஃபர் ஓர் இறுதிச் சடங்கை நடத்தாமல் விட்ட பிறகும் பன்னிரண்டு வருடம் வாழ்ந்தார், அந்த வருடங்களில் வேறு மனிதரானார். நமக்கும் நாளைக் காலை ஏழு மணிக்கு வேலை இருக்கிறது. அதே லைனில் யாராவது ஒருவர் நம்மைப் பார்ப்பார். அப்போது சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள்.